மூன்று பண்ணைகள், ஒரு நிதானமான மதிய உணவு: ஒயின் தயாராகும் நாட்டுப்புறத்தில் ஒரு நாள்

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நாட்டுப்புறத்துக்கு ஒரு நாள் பயணமாகச் செல்கிறவர்கள் முதலில் செய்கிற தவறு, ஒரே நாளில் ஐந்தாறு ஒயின் பண்ணைகளைப் பார்த்துவிட நினைப்பதுதான். வரைபடத்தில் அவை ஒன்றுக்கொன்று பத்து நிமிடத் தொலைவில் இருப்பதால் அந்த ஆசை எளிதில் வந்துவிடுகிறது. நானும் முதல்முறை ஐந்து இடங்களுக்குப் போனேன். அன்று எழுதிய குறிப்பேட்டைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, முதல் இரண்டு பண்ணைகளைப் பற்றி மூன்று பக்கங்கள் இருந்தன. கடைசி இரண்டைப் பற்றி "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. நாக்கும் மூக்கும் களைத்துப்போன பிறகு எவ்வளவு நல்ல ஒயினும் வெறும் புளிப்பாகவும் துவர்ப்பாகவுமே தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி ஒரே அளவை அடிப்படையாகக் கொண்டது: ஒரு நாளுக்கு மூன்று பண்ணைகள், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே அந்த ஊர்ச் சமையலில் அவசரமில்லாத மதிய உணவு.

களைப்பு ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். சுவைப்புக் கூடங்களில் ஒவ்வொரு வகையிலும் சுமார் 30 முதல் 50 மில்லி வரை ஊற்றுவார்கள். ஒரு பண்ணையில் ஐந்து வகை என்று வைத்துக்கொண்டால், மூன்று பண்ணைகளில் பதினைந்து வகை. 30 மில்லி வீதம் பார்த்தாலும் 450 மில்லி, அதாவது 750 மில்லி கொண்ட வழக்கமான புட்டியில் பாதிக்கும் மேல். 13 சதவீத ஆல்கஹால் கொண்ட ஒயினாக இருந்தால் அதில் ஏறத்தாழ 46 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும் என்பதால், அத்தனையையும் விழுங்கியவருக்கு அது முழுதாக நீங்க நான்கரை மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை ஆகும். காபியோ குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதோ இந்த நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைப்பதில்லை.

எனவே திட்டத்தின் முதல் முடிவு வண்டியை யார் ஓட்டுவது என்பதாக இருக்கட்டும். ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் 0.05 சதவீதம், செக் குடியரசிலும் ஹங்கேரியிலும் பூஜ்யம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே எல்லைக்குள் இருந்துவிடலாம் என்ற கணக்கை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டுபவர் அன்று குடிக்காதவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநரோடு கூடிய வாடகை வண்டியையோ, பண்ணைகளைச் சுற்றிக் காட்டும் சிற்றுந்தையோ பேசிக்கொள்ள வேண்டும். நிலம் சமமாக இருக்கும் வட்டாரங்களில் மிதிவண்டி அழகான வழிதான் என்றாலும், அதை ஓட்டுபவருக்கும் நிதானம் வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அவரை விட்டுவைப்பதில்லை.

எப்போது போவது, எந்த மூன்றைத் தேர்வது

வட அரைக்கோளத்தில் திராட்சை அறுவடை பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் நடக்கும். அறுவடைக் காலத்தில் பண்ணை முழுவதும் உயிரோட்டமாக இருக்கும். கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும், நொதிக்கும் சாற்றின் மணம் முற்றத்திலேயே வரவேற்கும். ஆனால் அதே வாரங்களில் ஒயின் தயாரிப்பவர் உறங்கவும் நேரமில்லாமல் உழைத்துக்கொண்டிருப்பார் என்பதையும், சிறு பண்ணைகள் பல அப்போது பார்வையாளரை ஏற்பதில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. உரிமையாளரோடு உட்கார்ந்து பேச விரும்புகிறவருக்கு அறுவடைக்கு முந்தைய மாதங்களே ஏற்றவை. கொத்துகளில் காய் பச்சையிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறுகிற, அறுவடைக்கு ஏழெட்டு வாரங்கள் முந்தைய அந்தக் காலத்தில் தோட்டம் பார்க்கவும் அழகு. பேசுவோருக்கும் பொழுது இருக்கும். குளிர்காலத்தில் கொடிகள் இலையுதிர்ந்து நிற்கும். கவாத்து செய்வதைப் பார்க்கலாம், கூட்டம் இருக்காது.

மூன்று பண்ணைகளும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால் பயன் குறைவு. ஒன்று, சுற்றிக்காட்ட ஆட்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனமாக இருக்கட்டும். தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் ஒழுங்காக விளக்குவது அங்குதான் நடக்கும் என்பதால் காலையில் முதலில் அங்கே போவது நல்லது. இரண்டாவது, கணவனும் மனைவியுமோ அண்ணன் தம்பியோ நடத்துகிற சிறு பண்ணை. கொடியைக் கவாத்து செய்த கையே கோப்பையில் ஊற்றும் இடம் அது. அங்கே கேட்கிற பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு நூலின் மதிப்பு உண்டு. மூன்றாவது, முதல் இரண்டிலும் இல்லாத ஏதோ ஒன்றுக்காக: நுரை ஒயின், இனிப்பு ஒயின், மண்சாடியில் நொதிக்கவைக்கும் பழைய முறை இப்படி எதுவாகவும் இருக்கலாம். ஜார்ஜியாவில் க்வெவ்ரி என்ற முட்டை வடிவ மண்சாடியை நிலத்தில் புதைத்து ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்படியொரு பண்ணை வழியில் இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதற்குப் போகலாம்.

முன்பதிவு கட்டாயம் என்றே கொள்ளுங்கள். சிறு பண்ணைக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த மொழியில் பேச முடியும் என்பதையெல்லாம் முன்பே சொல்லிவிட வேண்டும். பிரான்சின் கிராமப்புறங்களில் பல பண்ணைகள் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை திறக்காத சிறு பண்ணைகளும் நிறைய உண்டு. ஒரு பண்ணைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்குள் இரண்டாவதைத் தொடங்கி, ஒன்றரைக்கு உணவு, நான்கு மணிக்கு மூன்றாவது என்று வைத்துக்கொண்டால் எங்கும் ஓட வேண்டியிருக்காது. அந்த ஊரில் பண்ணைகள் நண்பகலில் மூடிவிடும் என்றாலோ, மதிய உணவு நேரம் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாலோ, காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். உணவுக்கான நேரத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

புறப்படும் காலை

வெறும் வயிற்றோடு போகக்கூடாது. ரொட்டி, முட்டை, தானியம் என நின்று செரிக்கும் உணவாகச் சாப்பிட்டால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். பல் துலக்குவதைச் சுவைப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பை மங்கச் செய்து கசப்பைக் கூட்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாமல் போவது உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் செய்கிற உதவி. ஒயினில் நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி மணம்தான்.

நிலவறையில் வெப்பம் கோடையிலும் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும் என்பதால் ஒரு மேல்சட்டை வேண்டும். நடப்பதற்கு ஏற்ற காலணி வேண்டும், அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். காலணியில் ஒட்டிய மண்ணைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றலாம். திராட்சையின் வேரை உறிஞ்சி அழிக்கும் ஃபைலோக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள தோட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பாழாக்கியது; இன்றும் உலகின் பெரும்பாலான தோட்டங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இன வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டிய கொடிகளே வளர்கின்றன. அந்தப் பூச்சி நுழையாத தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் போன்ற இடங்களில், வேறொரு தோட்டத்து மண் ஒட்டிய காலோடு யாரும் வரிசைகளுக்குள் இறங்குவதை விரும்ப மாட்டார்கள். கேட்காமல் கொடி வரிசைக்குள் நுழையாதிருப்பதும், பழத்தைப் பறிக்காதிருப்பதும் எந்த நாட்டிலும் மரியாதை.

முதலில் தோட்டம், பிறகு கோப்பை

சுவைப்புக் கூடத்துக்கு நேராகப் போய்விடாமல், தோட்டத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண்ணில் கல் அதிகமா களிமண் அதிகமா, கொடிகளின் வயது என்ன, நீர் பாய்ச்சுகிறார்களா மழையை நம்பியிருக்கிறார்களா என்ற நான்கு கேள்விகள் போதும்; பேச விரும்புகிற விவசாயி மீதியைத் தானே சொல்வார். வரிசையின் முனையில் ரோஜாச் செடி நட்டிருந்தால் அது வெறும் அலங்காரம் அல்ல: சாம்பல் நோய் ரோஜாவில் முதலில் தெரியும் என்பதால் முன்னெச்சரிக்கைக்காக நடுவது பழைய வழக்கம்.

பழுத்த ஒரு கறுப்புத் திராட்சையை அவர் கொடுத்தால், பிதுக்கிப் பாருங்கள். பெரும்பாலான இனங்களில் சதையும் சாறும் நிறமற்றே இருக்கும். சிவப்பு முழுவதும் தோலிலிருந்து வருவது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்கவைக்கிறார்கள். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுகிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு, பின்னால் கோப்பையில் வரும் நிறமும் துவர்ப்பும் தாமாகவே விளங்கும்.

நொதிக்கும் அறைக்குள் அழைத்துச் சென்றால் வழிகாட்டியோடு மட்டுமே செல்ல வேண்டும். நொதித்தலில் வெளியாகும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தரைமட்டத்திலும் தொட்டிகளுக்குள்ளும் தேங்கி ஆளையே கொல்லக்கூடியது. குழந்தைகளை அங்கே ஓடவிடக்கூடாது. பீப்பாய் அறையில் இந்த ஆபத்து பொதுவாகக் குறைவு. பிரான்சின் போர்தோ வட்டாரத்தின் வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், அதாவது முந்நூறு புட்டிகள். பீப்பாய் புதியதா, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று கேட்டால், கோப்பையில் எழும் வனிலா மணமும் புகை மணமும் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

சுவைப்பது

ஊற்றும் வரிசை பெரும்பாலும் நுரை ஒயின், வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, இனிப்பு என்று செல்லும். மெலிந்ததிலிருந்து அடர்ந்ததற்கு என்பதே அதன் பொருள், அதை மாற்றச் சொல்லாதீர்கள். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளங்கையின் சூடு வெள்ளை ஒயினைச் சில நிமிடங்களில் கெடுத்துவிடும். சுழற்றுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து, சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, சிறிது காற்றை உள்ளிழுத்து, அதன்பின் துப்பிவிடலாம்.

துப்புவது பற்றித் தயங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்கென்றே மேசையில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள்; ஒயினைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள், எந்தத் தயாரிப்பாளரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாளின் கடைசிப் பண்ணையிலும் நாக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. மிகவும் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் விழுங்குங்கள். இரண்டு வகைகளுக்கு நடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

என்ன மணம் என்று சொல்லத் தெரியவில்லையே என்ற கூச்சம் வேண்டாம். புளிப்பை வாயில் ஊறும் எச்சிலாலும், துவர்ப்பை ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்வதாலும், ஆல்கஹாலைத் தொண்டையில் இறங்கும் சூட்டாலும் யாரும் அளந்துவிடலாம். விழுங்கிய அல்லது துப்பிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். இந்த நான்கையும் குறித்துக்கொண்டாலே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியலாம். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் அந்தப் புட்டி தக்கையால் கெட்டது. பணிவாகச் சொன்னால் வேறு புட்டி திறப்பார்கள், பெரும்பாலும் நன்றியும் சொல்வார்கள்.

மதிய உணவு

இந்த நாளின் மையம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியாகச் சுவைக்கும்போது கடுமையாகத் தெரிந்த ஒயின், அந்த மண்ணின் உணவோடு சேரும்போது முற்றிலும் வேறாகிவிடும். காரணம் வாயிலேயே இருக்கிறது: துவர்ப்புப் பொருள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் உலர்கிறது, இறைச்சியின் புரதமும் கொழுப்பும் கூடவே இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது. கொழுப்பு நிறைந்த உணவுக்குப் புளிப்பு மிக்க வெள்ளை ஒயின் எலுமிச்சை பிழிந்ததுபோல் வேலை செய்கிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலை ஏற்றிவிடும் என்பதால் காரமான உணவோடு ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிப்பான வகையைக் கேட்க வேண்டும். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் வெறும் புளிநீராகத் தெரியும்.

இந்த விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, அந்த ஊரார் தலைமுறைகளாகச் செய்துவருவதைப் பின்பற்றுவது எளிது. பிரான்சில் சான்செர் என்ற வெள்ளை ஒயினின் ஊரிலேயே சாவின்யோல் என்ற கிராமத்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தயாராகிறது. இரண்டையும் சேர்த்தே பரிமாறுகிறார்கள். லுவார் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் மஸ்காதே என்ற வெள்ளை ஒயினோடு சிப்பி. ஜூரா மலைப்பகுதியில், பீப்பாயில் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கிடந்து 62 சென்டிலிட்டர் குட்டைப் புட்டியில் வரும் மஞ்சள் ஒயினோடு, அதே மலைகளில் மேயும் மாடுகளின் பாலில் செய்த கோம்தே பாலாடைக்கட்டி. இந்த மூன்றிலும் ஒயினை உணவும், உணவை ஒயினும் நிறைவு செய்கின்றன. இரண்டில் ஒன்றைத் தனியே எடுத்துவந்து வேறு நாட்டில் சாப்பிட்டவர்களுக்கு அது பாதிதான் கிடைத்திருக்கும்.

எங்கே சாப்பிடுவது என்பதற்கு என் விடை: பண்ணையின் சமையலறையில், அல்லது பண்ணைக்காரர் தம் குடும்பத்தோடு போகும் இடத்தில். காலையில் முதல் பண்ணையிலேயே, "நீங்கள் விடுமுறை நாளில் எங்கே சாப்பிடுவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். "நல்ல உணவகம் எது" என்று கேட்பதற்குக் கிடைக்கும் விடை வேறு. சில நாடுகளில் இந்த வழக்கத்துக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. ஆஸ்திரியாவில் 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் விவசாயிகள் தம் ஒயினைத் தம் வீட்டிலேயே விற்க அனுமதித்த ஆணையிலிருந்து வளர்ந்தவையே ஹாய்ரிகர் என்ற எளிய ஒயின் விடுதிகள். திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் பச்சைக் கொம்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஜெர்மனியிலும் இதைப் போன்ற விடுதிகள் உண்டு. அவை ஆண்டில் நான்கு மாதங்கள் மட்டுமே, நாற்பது இருக்கைகளுக்கு மேல் போகாமல் நடக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படிப்பட்ட விடுதியின் மரப்பலகையில் உட்கார்ந்து, வீட்டில் சுட்ட ரொட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் ஊறவைத்த காய்கறியும் சாப்பிடும்போது, காலையில் சுவைத்த அதே ஒயினை ஒரு கோப்பை மட்டும் வாங்கி மறுபடி குடித்துப் பாருங்கள்.

தட்டு கொள்ளாமல் வாங்க வேண்டாம். மூன்று நான்கு சிறு பண்டங்களைப் பொதுவாக நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றோடும் ஒயின் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். வினிகர் ஊற்றிய பச்சைக் காய்கறிக் கலவை ஒயினைக் கெடுக்கும், அதைக் கடைசியில் சாப்பிடலாம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் அதை முன்பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும். கிராமத்துச் சமையலறையில் அன்று சமைத்ததுதான் இருக்கும், நின்ற இடத்தில் மாற்றித் தர இயலாது. சாப்பிட்டு முடித்த பின் அரை மணி நேரம் நடங்கள்.

குடிக்காதவர்கள் உடன் வந்தால் அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பல பண்ணைகள் அதே திராட்சையின் நொதிக்காத சாற்றை வைத்திருக்கின்றன. தோட்டமும் நிலவறையும் உணவும் எல்லோருக்கும் பொது. கருவுற்றிருப்பவர்களும் ஆல்கஹாலோடு சேரக்கூடாத மருந்து எடுப்பவர்களும் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாங்குவதும் கொண்டுபோவதும்

சுவைப்புக்குக் கட்டணம் வாங்கும் இடங்களில், புட்டி வாங்கினால் அதைக் கழித்துவிடுவது பரவலான வழக்கம். கட்டணமே வாங்காத சிறு பண்ணையில் ஒன்றரை மணி நேரம் அவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டபின் ஒரு புட்டியாவது வாங்காமல் வருவது சரியல்ல என்பது என் எண்ணம். உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதை அங்கே வாங்கிச் சுமக்காதீர்கள். பண்ணையை விட்டு வெளியே போகாத சிறு அளவுத் தயாரிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எப்போது திறக்கலாம், எந்த உணவோடு என்பதை ஊற்றியவரிடமே கேட்டு, புட்டியின் கழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

வாங்கியதை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போவதால் கெட்டுப்போன ஒயின் ஏராளம். மூடிய வண்டிக்குள் சூடு விரைவில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், பழத்தின் மணம் வெந்ததுபோல் மாறிவிடும். குளிர்பெட்டி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது புட்டிகளைப் பண்ணையிலேயே வைத்துவிட்டு மாலையில் திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள், பல விமான நிலையங்களில் கைப்பைக்கு 100 மில்லி எல்லை இருப்பதால், புட்டிகளைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைக்க வேண்டும். 24 சதவீதத்துக்கு மேற்படாத ஆல்கஹால் கொண்ட பானங்களுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. ஆனால் இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு தனி, அதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு சேர்ந்ததும் தக்கையுள்ள புட்டிகளைப் படுக்கைவாட்டில், வெளிச்சமும் அதிர்வும் இல்லாத இடத்தில் வைத்து, நெடும்பயணத்தில் குலுங்கியவை என்பதால் ஒரு வாரமாவது கழித்துத் திறங்கள். அதற்குள், நாளின் நினைவு மங்குவதற்கு முன்பாகவே, மறுநாள் காலையில் குறிப்பேட்டை எடுத்து மூன்று பண்ணைகளைப் பற்றியும் எழுதி முடித்துவிடுங்கள்.